மாடித் தொட்டிக்கு ஏற்ற டைமர்

மயிலாத்தாள் செத்துப்போன பதினேழாம் நாள், காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிப் போய், வாடகை நாற்காலிகளும் அண்டா குண்டாக்களும் வண்டியேறிப் போய், வீடு வெறிச்சென்று கிடந்த காலை ஆறு மணிக்கு, பின்வாசல் குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த பச்சை வாளி தானாக நிமிர்ந்தது, குழாய் தானாகத் திறந்தது, வாளி நிறைந்ததும் ஒரு பொம்பளை கையில் தூக்கினால் எந்த உயரத்தில் தொங்குமோ அந்த உயரத்துக்கு எழும்பி, கறிவேப்பிலைச் சட்டியில் தொடங்கி, கத்தரி, செம்பருத்தி, முல்லை, துளசி என்று அவள் உயிரோடு இருந்தபோது போன அதே வரிசையில் நாற்பத்திரண்டு சட்டிகளுக்கும் ஆளுக்கொரு செம்பு ஊற்றியது. நாலு முறை வாளி குழாயடிக்குப் போய் நிறைந்து வந்தது. ஈரக்கால் தடங்கள் சிமெண்டுத் தரையில் பதிந்து, பதிந்து, வெயிலில் காய்ந்தன.

அவள் புருஷன் நாச்சிமுத்து அப்போது பின்வாசல் படிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். மில்லில் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் எத்தனை நிமிஷம் பிந்தினார் என்பதைப் பார்த்துப் பார்த்தே வயசானவர். தினமும் காலையில் மயிலாத்தாள் தண்ணீர் சுமப்பாள், இவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை மட்டும் நீட்டி, "செம்பருத்திக்கு ஊத்தல பாரு", "மல்லிக்கு இன்னொரு செம்பு விடு" என்பார். தோட்ட வேலையில் தன் பங்கு அது என்று அவர் மனதார நம்பினார். அவர் வாளியைத் தொட்டு எங்கள் மில் காலனியில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

கடைசிச் செம்பு எப்போதும் அவர் காலடியில், ஓட்டை விழுந்த பழைய குக்கரில் வைத்திருந்த கனகாம்பரத்துக்கு. அவள் ஊற்றும்போது அவர் பாதத்தில் தெறிக்கும். அன்றைக்கும் தெறித்தது. "காலை நனைக்காம ஊத்தத் தெரியாதா உனக்கு" என்று வழக்கம்போலக் கடிந்துகொண்டார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்து, பேப்பரை மடியில் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதார்.

பக்கத்து வீடு என்றால் ஒன்பதாம் நம்பர், அதாவது நான். மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்த முதல் ஆள் நான்தான், அடுத்த ஆள் எதிர்ப்பக்கத்து ரெஜினா டீச்சர். ரிட்டையர் ஆன பிறகும் யாரைப் பார்த்தாலும் வகுப்புக்குள் நுழைந்தவர்போல வணக்கம் சொல்லும் பழக்கம் அவருக்கு. காற்றில் போய்க்கொண்டிருந்த வாளியைப் பார்த்து, "குட்மார்னிங் மயிலக்கா" என்றார். வாளி ஒரு நொடி நின்றது, பிறகு போனது. "காது இன்னும் நல்லாத்தான் கேக்குது" என்றார் டீச்சர். அவ்வளவுதான் எங்கள் ஆச்சரியம்.

முதல் வாரம் இருபத்தாறு வீட்டுக்காரர்களும் வந்து பார்த்தார்கள், இரண்டாம் வாரம் பத்துப் பேர் வந்தார்கள், மூன்றாம் வாரம் அவரவருக்கு அவரவர் சமையல் இருந்தது. பால்காரர் அந்த வீட்டு மதிலருகில் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார். கறிவேப்பிலை வேண்டியவர்கள், "அக்கா, ரெண்டு ஈர்க்கு" என்று மதிலுக்கு இந்தப்பக்கம் இருந்து குரல் கொடுத்தால் இரண்டு ஈர்க்கு ஒடிந்து மதில்மேல் வந்து உட்கார்ந்தது. செத்தவள் தண்ணீர் ஊற்றிய செடியில் பூத்த பூவைச் சாமிக்கு வைக்கலாமா என்று ஒரு சந்தேகம் கிளம்பி, முருகன் கோயில் குருக்கள் வந்து பார்த்து, ஒரு காபி குடித்து, "கை அதே கை, பூவும் அதே பூ" என்று சொல்லிவிட்டுப் போனார். காலனிக்குப் பொதுவான போர்வெல்லில் இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தந்த வீட்டு மாடித் தொட்டியை நிரப்புவார்கள், தலைக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. செத்தவளுக்குத் தண்ணீர் உண்டா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். வேலை செய்கிறவளுக்கு இல்லாமல் யாருக்கு என்று யாரோ கேட்க, அந்த வீட்டை இரண்டு பேர் வீடாகவே வைத்துக்கொள்வது என்று முடிவானது.

மகள் இந்துமதி பெங்களூரில் இருந்து வந்தாள். காலை ஆறு மணிக்குக் கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வாளி அவளிடம் வந்து நின்று, கீழே இறங்கியது; அவள் உச்சந்தலையில் ஈரமான உள்ளங்கை ஒன்று படிந்து எழுந்த தடம் தெரிந்தது. தலை துவட்டாமல் அன்று முழுக்க அப்படியே இருந்தாள். ஊருக்குப் போகும்போது அப்பாவிடம், "அம்மாவப் பத்தரமாப் பாத்துக்கங்கப்பா" என்றாள். செத்தவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அவள் சொன்னது எங்களில் யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

நாச்சிமுத்து பாதி தேறிவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். ஐந்தரைக்கே முகம் கழுவி, சட்டை மாட்டி, நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு டம்ளர் காபி போடுவார், ஒன்றைக் குடித்து, மற்றதைப் படியில் வைப்பார். அது ஆறிக் கிடக்கும். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அவளுக்குக் காபி போட்டுக் கொடுக்காத மனுஷன். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஆனால் அந்த ஆறின காபியைப் பார்த்தால் கோபத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது.

ஆனி மாசக் கடைசியில் ஆடிக் காற்று முன்கூட்டியே கிளம்பி, பாலக்காட்டுப் பக்கமிருந்து இரவும் பகலும் அடித்து, மண்ணெல்லாம் காய்ந்து போனது. அப்போதுதான் கவனித்தோம், வாளி முன்னைப்போல உயரத்தில் வரவில்லை. முழங்கால் உயரத்தில் வந்தது. பிறகு கணுக்கால் உயரத்தில். ஆடி பிறந்தபோது தரையில் உரசிக்கொண்டே வந்தது. குழாயடிக்கும் படிக்கும் நடுவே இரண்டு இடத்தில் இறக்கி வைத்து இளைப்பாறியது. தினமும் அதே இரண்டு இடம். வாளியின் அடிவட்டம் அந்த இரண்டு இடத்திலும் சிமெண்டில் தேய்ந்து பதிந்தது. ஆறரைக்கு முடிகிற வேலை ஏழு மணிக்கு முடிந்தது, பிறகு ஏழேகாலுக்கு. அந்த உரசல் சத்தம் எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்டது, கேட்டவர்களுக்கு இட்லி இறங்கவில்லை.

ரெஜினா டீச்சர்தான் நேராகப் போய்க் கேட்டார். "அண்ணா, உசுரோட இருந்தப்ப நாப்பது வருசம் சுமந்தாங்க. இப்பவுமா சுமக்கணும்?"

"நானா டீச்சர் சுமக்கச் சொன்னேன்? அவளா வர்றா."

"மண்ணு காஞ்சு கெடக்கறதாலதான வர்றாங்க? மண்ணு நனஞ்சிருந்தா ஏன் வரப்போறாங்க?"

நாங்கள் முறை வைத்து ஊற்றுகிறோம் என்றோம். இரண்டு நாள் விடியும் முன்னே ஊற்றவும் செய்தோம். அந்த இரண்டு நாளும் வாளி நிமிரவே இல்லை. ஈரக்கால் தடங்கள் மட்டும் வந்து, ஒவ்வொரு சட்டியிலும் ஒரு விரல் மண்ணை அழுத்திப் பார்த்த குழி விழுந்து, தடங்கள் அப்படியே திரும்பிப் போயின. நாச்சிமுத்து மூன்றாம் நாள் எங்களை வரவேண்டாம் என்றார். ஊரார் தன் வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மரியாதை இல்லை என்றார். அவரே ஊற்றியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். நாங்களும் நினைத்தோம். அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு எளிய ஒன்று ஒரு மனுஷனுக்குத் தோன்றாமல் போகுமா என்றால், போகும்.

சேதி தெரிந்து இந்துமதி போனில் அழுதாள். "நீங்க ஊத்த மாட்டீங்க, உங்களுக்கு வராது. சொட்டுநீர்க் குழாய் போட்டு ஒரு பேட்டரி டைமர் மாட்டீருங்கப்பா. நானே வாங்கி அனுப்பட்டுமா?"

"வேண்டாம் அம்மிணி. டைமர் நான் பாத்து வாங்கறேன்" என்றார். நேரம் காட்டும் சாமானை வேறு ஒருத்தர் தேர்ந்தெடுக்க அவர் சம்மதிப்பாரா?

பல்லடம் ரோட்டில் சொட்டுநீர்ச் சாமான் விற்கும் ஜெயசீலனின் கடைக்குப் போனார். என் வீட்டுக்காரர் கூடப் போனதால் அங்கே நடந்தது எனக்கு வரிக்கு வரி தெரியும். ஜெயசீலன் பொறுமையான ஆள். கண்ணாடி மேஜைமேல் நாலைந்து டைமரை எடுத்து வைத்தார். திருகும் முகம் உள்ளது, எழுத்துத் திரை உள்ளது, மழை பெய்தால் ஒருநாள் நிறுத்திவைக்கும் பொத்தான் உள்ளது. எல்லாம் பென்சில் பேட்டரியில் ஓடுவது, குழாயின் மூக்கில் திருகி மாட்டுவது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கய்யா. மோட்டார்ல இருந்து நேரா தண்ணி வருதா, இல்ல மாடித் தொட்டியில இருந்து எறங்குதா? மோட்டார்னா இந்த ரகம், உள்ள ஒரு சவ்வு இருக்கு, தண்ணி வேகமாத் தள்ளுனாத்தான் தொறக்கும். மாடித் தொட்டின்னா இது ஆகவே ஆகாது. இந்தா, இந்த ரகந்தான். உள்ள ஒரு உருண்டை சுத்தித் தொறக்கும், சும்மா கசியற தண்ணிக்குக்கூடத் தொறக்கும்."

நாச்சிமுத்து இரண்டையும் கையில் எடுத்தார். இரண்டிலும் மணியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார். "உருண்டை ரகம் தவறவே தவறாதா?"

"பேட்டரி இருக்கற வரைக்கும் ஒரு நிமிசம் தவறாது."

அவர் உருண்டை ரகத்தைத் திருப்பி மேஜையில் வைத்தார். பிறகு, "மோட்டார்தான்" என்றார்.

எங்கள் காலனியில் எந்த வீட்டிலும் மோட்டார் கிடையாது. என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கப் போனாராம், நாச்சிமுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாராம். பிடித்தவர் விடாததால் சும்மா இருந்துவிட்டேன் என்றார்.

குழாயடியில் இருந்த இரண்டாவது குழாயில் மாட்டினார்கள். ஆறு மணிக்கு 'டிக்' என்றது, ஒரு சொட்டு வரவில்லை. வாளி நிமிர்ந்தது, தரையில் உரசிக்கொண்டு புறப்பட்டது. நாச்சிமுத்து மதிலுக்கு இந்தப்பக்கம் இருந்த எங்களிடம், "வேலை செய்யல" என்றார். அவர் முகத்தில் இருந்தது வருத்தமில்லை. பத்து நாள் கழித்து அதையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திருகும் முகம் உள்ளதை வாங்கிவந்தார். அதுவும் சவ்வு ரகம். அதுவும் 'டிக்' என்றது. இரண்டாவது முறை எங்களுக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் ஒரு நிமிஷம்கூட ஏமாறாத மனுஷன் ஒரே தப்பை இரண்டு தரம் செய்யமாட்டான். அவள் வரவேண்டும் என்பதற்காகவே, தண்ணீர் வராத டைமராகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்? காலையில் ஒரு மணி நேரம் அவள் கால் தடம் பக்கத்தில் வந்து போகிறது, அதையும் மூடிவிட்டு நான் எதற்காக எழுந்திருப்பது என்பார்.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த நாள். காற்று சட்டிகளைச் சாய்த்துவிடும் போல அடித்துக்கொண்டிருந்தது. நான் மதிலோரம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாளி, முதல் தேய்ந்த இடத்தில் இறங்கியது, நகர்ந்தது, இரண்டாவது தேய்ந்த இடத்தில் இறங்கியது, அதன் பிறகு எழவில்லை. கைப்பிடி மட்டும் நிமிர்ந்து, நடுங்கி, படுத்தது. மறுபடி நிமிர்ந்தது, படுத்தது. வாளியைச் சுற்றி இரண்டு ஈரப் பாதம், பக்கத்தில் இரண்டு ஈர முழங்கால் தடம். மயிலாத்தாள் மண்டியிட்டிருந்தாள்.

நாச்சிமுத்து பேப்பரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. விரலை நீட்டினார். "கனகாம்பரத்துக்கு இன்னும் ஊத்தல" என்றார்.

வேண்டுமென்று சொல்லவில்லை. சாமி சத்தியமாக வேண்டுமென்று சொல்லவில்லை, அது நாற்பது வருஷப் பழக்கத்தில் வாய் சொன்னது. ஆனால் சொல் காதில் விழுந்ததும் வாளி எழுந்தது. ஒரு விரற்கடை எழுந்து, தளும்பி, விழுந்து, மறுபடி எழுந்து, அந்த எட்டடியை எட்டு முறை நின்று கடந்து வந்து, கனகாம்பரத்துக்கு ஒரு செம்பு ஊற்றியது. அவர் பாதத்தில் தெறிக்கவில்லை. தெறிக்கும் அளவுக்குக் கையில் வேகமில்லை.

அவர் தன் காய்ந்த காலைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். அது இன்னும் நீண்டே இருந்தது. அதை மடக்கி மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.

பேப்பரை மடிக்காமலே எழுந்து போனவர் ஜெயசீலன் கடை திறக்கும் வரை வாசலில் நின்றிருக்கிறார். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கியதும் இவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "எங்க வூட்ல மோட்டார் இல்லீங்க. மாடித் தொட்டிதான்."

ஜெயசீலன், "தெரியுங்கய்யா" என்றாராம். "எப்ப சொல்லுவீங்கன்னுதான் எடுத்து வெச்சிருக்கறேன்."

உருண்டை ரகத்தோடு அவரே வந்து, மெல்லிய கறுப்புக் குழாய்களை சட்டிக்குச் சட்டி இழுத்துவிட்டார். நாற்பத்தொன்று முடிந்து படியருகே வந்தபோது நாச்சிமுத்து கனகாம்பரக் குக்கரின்மேல் கையை வைத்து மறைத்தார். "இதுக்கு வேண்டாம்."

"குழாய் மிச்சம் இருக்குதுங்கய்யா."

"இருக்கட்டும். இது ஒண்ணு காஞ்சே இருக்கட்டும்."

எங்களுக்கு அதுவும் புரிந்தது. நாற்பத்தொரு சட்டிக்கு அவளுக்கு ஓய்வு, ஒரு செம்பு மட்டும் அவருக்கு. அவ்வளவு ஆசையை மன்னிக்கலாம் என்று ரெஜினா டீச்சர் சொன்னார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு 'டிக்' என்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு நாற்பத்தொரு இடத்திலும் சொட்ட ஆரம்பித்தது. மதிலைச் சுற்றி நாங்கள் பதினைந்து பேராவது இருந்திருப்போம். ஈரக்கால் தடங்கள் குழாயடியில் இருந்து புறப்பட்டன. கறிவேப்பிலையில் விரல் குழி விழுந்தது. கத்தரியில், செம்பருத்தியில், முல்லையில், துளசியில். எல்லாம் நனைந்திருந்தன. தடங்கள் ஒவ்வொரு சட்டியிடமும் விடைபெறுகிற மாதிரி நின்று நின்று, கடைசியில் படிக்கு வந்து, குக்கரில் விரல் குழி விழுந்தது. அந்த மண் காய்ந்திருந்தது. வாளி எழும் என்று நாச்சிமுத்து குழாயடியையே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வாளி எழவில்லை.

நாற்காலிக்குப் பக்கத்தில், படியின் கீழே, அவர் பாதங்களுக்கு அருகே இரண்டு பாதத் தடம் சேர்ந்து பதிந்து அங்கேயே இருந்தன. மயிலாத்தாள் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து காலை ஆறு மணிக்கு அவள் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான். படியில் இருந்த இரண்டாவது டம்ளரில் காபி, கொஞ்சம் கொஞ்சமாக, பாதிக்குக் குறைந்தது. செடிகள் சொட்டிக்கொண்டிருந்தன. அரை மணி ஆனதும் டைமர் மறுபடி 'டிக்' என்று மூடியது, வெயில் படியில் ஏறியது, அவள் தடங்கள் குதிகாலில் தொடங்கி விரல் வரை காய்ந்தன. கட்டை விரலின் ஈரம் கடைசியாகப் போனது.

அடுத்த நாள் டைமர் 'டிக்' என்றது, அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாற்பத்தொரு சட்டியும் செழித்து நின்றன, கனகாம்பரம் மட்டும் இலையைத் தொங்கப்போட்டது. நாச்சிமுத்து இரண்டு காபியும் போட்டு, சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து குழாயடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பூக்காம்புகள் தலை கவிழ்ந்தன. "இன்னிக்கு ஊத்தலன்னா அது பொழைக்காது" என்று டீச்சர் என் காதில் சொன்னார். நாங்கள் மதிலேறிக் குதித்து ஊற்றியிருப்போம், ஆனால் அது அவளுக்காக அவர் காயவிட்ட சட்டி.

ஆறேகாலுக்கு அவர் எழுந்தார். குழாயடிக்குப் போய், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் வாளியின் விளிம்பைப் பிடித்து, பிறகு கைப்பிடியைப் பிடித்து, ஒரு செம்பு போதும் என்று தெரியாமல் நிறைய நிறையப் பிடித்து, தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தை நான் பார்த்தேன்.

"இவ்வளவு கனமா?" என்றார்.

கேட்ட குரல் சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேட்டியெல்லாம் நனைய நடந்தார். பாதி தூரத்தில் மூச்சு வாங்கி இறக்கி வைத்தார். வாளி முதல் தேய்ந்த வட்டத்தில் சரியாக உட்கார்ந்தது. அவர் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். மறுபடி தூக்கினார், மறுபடி முடியாமல் இறக்கினார். அது இரண்டாவது வட்டம்.

அங்கே அவர் மண்டியிட்டார். இந்த முறை யாரும் விரலை நீட்டவில்லை. வெகுநேரம் கழித்து வாளியைத் தள்ளிக்கொண்டே படிவரை போய், கனகாம்பரத்துக்கு ஒரு செம்பு ஊற்றினார். பழக்கமில்லாத கை, தண்ணீர் முழுக்க அவர் பாதத்தில் தெறித்தது. காலை நகர்த்தாமல் அப்படியே வைத்திருந்தார்.